மார்க் பெலாஞ்சரின் 1967 டாப்ஸ் கார்டை வாங்கலாமா?

கேள்வி:
பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கிடையே நின்று பந்தைத் தடுப்பவராக) விளங்கிய மார்க் பெலாஞ்சரின் படம் அச்சிட்ட பேஸ்பால் கார்டுகளைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். 1970-களில் வந்தவை சொற்பக் காசுக்கே கிடைத்துவிட்டன. ஆனால் அவருடைய ரூக்கி (அறிமுக) கார்டான, டாப்ஸ் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட 558-ஆம் எண் கார்டுக்கு விற்பவர்கள் சொல்லும் விலை மலைக்க வைக்கிறது. வாழ்நாள் முழுவதும் 20 ஹோம் ரன்களும் 0.228 மட்டைச் சராசரியும் மட்டுமே எடுத்த ஒருவருக்கு, அதிலும் பில் டில்மன் என்ற பந்துவீச்சாளரோடு பாதி இடத்தைப் பகிர்ந்துகொண்ட கார்டுக்கு, இவ்வளவு விலை ஏன்? இப்போது, கார்டின் நிலையைச் சோதித்து மதிப்பிடும் நிறுவனங்களின் தரச்சான்று பெறாத ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மூலைகள் கூர்மையாக உள்ளன, ஆனால் படம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. வாங்கலாமா?

மறுமொழி 1:
நீங்கள் விலை கொடுப்பது பெலாஞ்சருக்கு அல்ல, 558 என்ற எண்ணுக்கு. அக்காலத்தில் டாப்ஸ் நிறுவனம் கார்டுகளைப் பருவம் முழுவதும் பகுதி பகுதியாக வெளியிட்டது. 1967-இன் கடைசிப் பகுதியான 534 முதல் 609 வரையிலானவை பருவம் முடியும் தறுவாயில் வந்ததால் குறைவாகவே கடைகளைச் சென்றடைந்தன. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான ராட் கரூவின் 569-உம் டாம் சீவரின் 581-உம் இதே பகுதியில்தான் உள்ளன. 609 கார்டுகளையும் நிறைவு செய்ய முயல்பவர் எவரும், பெலாஞ்சரை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், 558-ஐத் தேடித்தானே ஆகவேண்டும்?

மறுமொழி 2:
படம் ஒதுங்கியிருப்பதைவிட மூலைகளின் கூர்மைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தேய்ந்த ஓரங்களை நறுக்கிப் புதியதுபோலக் காட்டுபவர்கள் உண்டு. அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். அதே ஆண்டின் மலிவான கார்டு ஒன்றை அதன்மேல் வைத்து ஒப்பிட்டால் ஐயம் தீரும். நறுக்குபவர் பெரும்பாலும் அகன்ற ஓரத்தையே குறைத்துப் படத்தை நடுவுக்குக் கொண்டுவருவார் என்பதால், படம் ஒதுங்கியே இருப்பது ஒருவகையில் நல்ல அறிகுறிதான். பச்சை நிறப் பின்பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். கறையும் கீறலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மறுமொழி 3:
எனக்கு இதில் சிறு மாற்றுக்கருத்து உண்டு. 1967-இல் ஓரியோல்ஸின் ஷார்ட்ஸ்டாப் லூயிஸ் அபாரிசியோ. அவர் அணி மாற்றப்பட்ட பிறகே, 1968-இல், அந்த இடம் பெலாஞ்சருக்குக் கிடைத்தது. தடுப்பாட்டத்துக்கான கோல்டு குளவ் விருதை எட்டு முறை வென்றவரும், 1971-இல் நான்கு பந்துவீச்சாளர்கள் தலா 20 வெற்றிகள் பெற்றபோது மூன்றாம் தளத்தில் நின்ற புரூக்ஸ் ராபின்சனோடு மைதானத்தின் இடப்பக்கத்தைக் காத்தவருமான பெலாஞ்சரை நீங்கள் விரும்பினால், அவர் 1970-களின் கார்டுகளில்தான் இருக்கிறார். அவற்றின் பின்பக்கத்திலும் அச்சாகியிருப்பது மட்டைக் கணக்குதான் என்பது வேறு விஷயம். அவர் தடுத்த பந்துகளுக்கு அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது. விருப்பம் ஆட்டக்காரர்மீது என்றால், நல்ல நிலையிலுள்ள 558-ஐத் தேடுவதைவிட, மூலை மழுங்கிய மலிவான 558 ஒன்றே போதும் என்பேன்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பின்பக்கப் படத்தையும் அளவையும் கேட்டு எழுதியிருக்கிறேன். அளவு ஒரு நூல் குறைந்தாலும் இதை விட்டுவிட்டு, மூலை மழுங்கிய கார்டையே தேடுவேன்.