கோசுமெலில் பீச் நாளன்று மழை என்று காட்டுகிறது. டே பாஸை ரத்து செய்யலாமா?

கேட்டவர்: ராத்திரி வானிலை

அக்டோபர் இரண்டாவது வாரம் மயாமியிலிருந்து ஏழு நாள் கரீபியன் குரூஸ் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், அத்தை (கணவரின் அம்மா). மற்ற நிறுத்தங்களில் ஊர் சுற்றுவதாக ஏற்பாடு. கடலில் இறங்க இருப்பது ஒரே ஒரு நாள்தான், மெக்சிகோவின் கோசுமெல் தீவில். அதற்காக ஒரு பீச் கிளப்பில் நான்கு பேருக்கும் டே பாஸ் (ஒரு நாள் நுழைவுச் சீட்டு) எடுத்து வைத்திருக்கிறேன். கப்பல் மூலமாக எடுக்கவில்லை, நேரடியாக. இரண்டு நாள் முன்புவரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வரும்.

பிரச்சினை என் போன். கோசுமெல் என்று போட்டால் பத்து நாளுக்கும் வரிசையாக ஒரே படம்: மேகம், கீழே மூன்று சொட்டு, நடுவில் ஒரு மின்னல். ஒரு வாரமாக இதைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். கணவர் "அதை டெலீட் பண்ணு" என்கிறார்.

எனக்கு ஒரு பழைய காயமும் உண்டு. நாலு வருடம் முன்பு பஹாமாஸின் நாசோ நகரில் முதல் தூறலிலேயே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கப்பலுக்கு ஓடி வந்தோம். குளித்து, உடை மாற்றி, மேல்தளத்துக்குப் போனால் பளீரென்று வெயில். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் விட்டுவிட்டு வந்த பீச் தெரிகிறது. என் குடும்பம் அதை இன்னும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை.

ஆகவே கேட்கிறேன். ரத்து செய்துவிட்டுக் கப்பலிலேயே இருப்பதா? அல்லது போனால், மழையில் அங்கே நான்கு பேர் என்ன செய்வது? அத்தைக்கு முழங்கால் வலி, மணலில் அதிகம் நடக்க மாட்டார். தண்ணீரில் இறங்கப் போவதில்லை என்று இப்போதே அறிவித்துவிட்டார்.

பதில்: மூன்றாம் தளம்

ரத்து செய்யாதீர்கள். கோசுமெலுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். அதில் ஒரு நாள் நல்ல மழை. மூன்றில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த நாள்தான்.

முதலில் அந்தப் படத்தை விடுங்கள். அந்தப் பக்கம் ஜூனிலிருந்து அக்டோபர்வரை மழைக்காலம். நாளின் ஏதோ ஒரு மூலையில் மழைக்கு வாய்ப்பு இருந்தாலே ஆப் அந்த நாள் முழுவதற்கும் சொட்டுப் படத்தைப் போட்டுவிடும். நிஜத்தில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், சூடேறிய காற்று மேலே போய் மேகமாகிறது, கொட்டுகிறது, நகர்ந்துவிடுகிறது. நாள் முழுக்க அடைத்துக்கொண்டு பெய்கிற மழையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் பெரிய காற்றழுத்தத் தாழ்வு மாதிரி ஏதாவது இருக்கும். அது மயாமியில் இருக்கும் தேசியப் புயல் மையத்தின் தளத்தில் பெரும்பாலும் முன்னதாகவே தெரியும். ஏழு நாள் முன்னோட்டம் போடுகிறார்கள். தினம் ஒரு தடவை அதைப் பாருங்கள், போதும். அதில் வரைபடம் காலியாக இருந்தால் போனை மூடிவிட்டுத் தூங்கலாம்.

எங்கள் நாளில் பத்தரை மணிக்குப் பிடித்தது, முக்கால் மணி நேரம். முதல் ஐந்து நிமிடத்தில் பீச்சே காலி. எல்லோரும் டவலைத் தலையில் போட்டுக்கொண்டு பார் பக்கம் ஓடினார்கள். நான் அப்போது மாஸ்க்கும் ஸ்நார்க்கலுமாகத் தண்ணீரில் கிடந்தேன். ஏற்கெனவே நனைந்தவன் எதற்கு ஓட வேண்டும்? அங்கேயே இருந்தேன். காது தண்ணீருக்குள் இருந்தால் மழைச் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். தலைக்கு மேல், எல்லாப் பக்கமும், நிற்காமல். கீழிருந்து பார்த்தால் மேற்பரப்பு முழுக்க ஊசி குத்தினதுபோல இருக்கிறது. மீன்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. நீலமாக ஒன்று என் முட்டிக்குக் கீழே பாறையைக் கொறித்துக்கொண்டே இருந்தது.

தண்ணீர் கலங்கவேயில்லை என்பதுதான் எனக்கு அன்று ஆச்சரியம். பிறகு காரணம் தெரிந்தது. அந்தத் தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆறு என்று ஒன்றுமே கிடையாது. பெய்கிற மழை கல்லின் ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது, மண்ணை வாரிக்கொண்டு கடலுக்கு வருவதில்லை. கிராண்ட் கேமன் தீவும் அப்படித்தான். ஜமைக்காவில் நிலைமை வேறு. அங்கே மலையும் ஆறும் உண்டு, நல்ல மழைக்குப் பிறகு ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் கடல் செம்மண் நிறமாகிவிடும். ஆக மழை வந்தால் பீச் போகலாமா என்ற கேள்விக்குப் பதில் தீவைப் பொறுத்தது. உங்களுக்கு வாய்த்தது நல்ல தீவு.

பயப்பட வேண்டியது மழைக்கு இல்லை, இடிக்கு. ஒரு இடி காதில் விழுந்தாலும் பையனைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓலைக் குடைக்கு அடியில் நிற்பதும் பாதுகாப்பு இல்லை, சுவர் உள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். இதில் மட்டும் யார் கெஞ்சினாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று காற்று. கப்பல் மேடைகளும் பீச் கிளப்புகளில் பெரும்பாலானவையும் தீவின் மேற்குக் கரையில். வழக்கமான காற்று கிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கம் குளம்போல இருக்கும். கிழக்குக் கரை பார்க்க அழகு, ஆனால் அலை பொல்லாதது, குளிக்க வேண்டாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று வந்தால் மேற்கும் கெட்டுவிடும், கப்பலே நிறுத்தாமல் போகலாம். அப்படிப் போனால் கப்பலில் வாங்கிய டிக்கெட்டுக்கு அவர்களே பணத்தைத் திருப்பிவிடுவார்கள். நீங்கள் நேரடியாக எடுத்ததால், "கப்பல் வராவிட்டால்" என்ன விதி என்று இன்றைக்கே கிளப்புக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஈரத் துண்டு

கடலில் குளிக்கப் போகிறவர்கள் மழையில் நனைந்துவிடுவோம் என்று கவலைப்படுவதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மன்னிக்கவும். உபயோகமாக ஒன்று: கப்பலில் கொடுக்கும் டவலில் ஆளுக்கு ஒன்றை ஜிப்லாக் பையில் போட்டு மூடிவிடுங்கள். மழையில் நனைவது பிரச்சினையே இல்லை. அதன்பிறகு துடைத்துக்கொள்ள உலர்ந்ததாக ஒன்றும் இல்லாமல் காற்றில் நடுங்குவதுதான் நாளைக் கெடுக்கும். கடல் நீர் அந்த மாதத்தில் 28, 29 டிகிரி இருக்கும், மழைத்துளி அதைவிடக் குளிர்ச்சி. உள்ளே இருக்கும்வரை சுகம், வெளியே வந்தால் பல் தந்தியடிக்கும். பையனுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். காட்டன் டி-ஷர்ட் வேண்டாம், அது சாயங்காலம்வரை காயாது.

பதில்: கடைசிப் படி

உங்கள் அத்தைக்காக எழுதுகிறேன், எனக்கும் அதே முழங்கால்தான். கிளப் அறைகளுக்கு முன்னால் டைல்ஸ் போட்டிருப்பார்கள். மழை பட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும். ரப்பர் அடி உள்ள, பின்னால் பட்டை வைத்த செருப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்குச் செருப்பு வேண்டவே வேண்டாம். உட்கார இடம் கேட்கும்போது முதல் வரிசைக்கு ஆசைப்படாமல் கூரைக்குப் பக்கத்தில் கேளுங்கள்.

மழை விடவேயில்லை என்றால் டாக்சியில் சான் மிகெல் ஊருக்கு வந்துவிடலாம். கடற்கரைச் சாலையிலேயே தீவின் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு மணி நேரம் சுகமாகப் போகும். சான் ஹெர்வாசியோ என்று தீவின் நடுவில் மாயர்களின் பழைய ஊர் ஒன்றும் உண்டு. இஷ்செல் என்ற தெய்வத்தைத் தேடிப் பெண்கள் கடலில் படகேறி வந்த இடம். பிரசவத்துக்கும் நிலவுக்கும் மழைக்கும் அவள்தான் பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஈரத்தில் கற்பாதையும் கொசுவும் முழங்காலுக்கு ஆகாது. உங்கள் கணவரும் பையனும் வேண்டுமானால் போகட்டும்.

கடைசியாக, போன் கடிகாரத்தை நம்பாதீர்கள். மயாமி அக்டோபரில் கோடை நேரத்தில் இருக்கும். கோசுமெல் வருடம் முழுக்க ஒரே நேரம், அப்போது மயாமிக்கு ஒரு மணி பின்னால். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கரையில் இறங்கியதும் போன் தானாக ஒரு மணி குறைத்துக் காட்டும். இன்னும் ஒரு மணி இருக்கிறதே என்று நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அங்கே ஏணியைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். நான் ஓடியிருக்கிறேன், இந்த முழங்காலோடு. கையில் கட்டுகிற பழைய வாட்ச் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து எடுத்துப் போங்கள்.

கேட்டவர்: ராத்திரி வானிலை

திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. பதில் எழுதாமல் விட்டால் தப்பு.

டே பாஸை ரத்து செய்யவில்லை. கிளப்பிடம் எழுதிக் கேட்டேன். கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் உண்டு, மழைக்குக் கிடையாது என்றார்கள். நியாயம்தான். புயல் மையத்தின் வரைபடம் காலியாக இருந்தது. நான் போனை மூடிவிட்டேன் என்று சொன்னால் கணவர் இதைப் படித்துச் சிரிப்பார்.

காலையில் இறங்கும்போது வானம் வெளுத்துப்போய் இருந்தது, வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கணவர் "வெயிலே இல்லையே" என்று சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் மிதந்தார். மேகம் இருந்தாலும் புறஊதாக் கதிர் வரும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் முழுக்க முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு மழை வந்தது. கொட்டியது. நீங்கள் சொன்ன மாதிரியே பீச் ஐந்து நிமிடத்தில் காலி. நான் பழக்கதோஷத்தில் பைகளை வாரிக்கொண்டு எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம். கூரைக்குப் பக்கத்து நாற்காலி காலி, கைப்பிடித்தடி மட்டும் சாய்ந்திருக்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அவர் தண்ணீரில் இருந்தார். கடலுக்குள் இறங்க ஐந்தாறு சிமென்ட் படியும் கம்பியும் வைத்திருந்தார்கள். அதில் மூன்றாவது படியில், மார்பளவு தண்ணீரில், கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மழை தலையில் அடிக்கிறது. "யாரும் இல்லாமல் இருந்தது, அதான் இறங்கினேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழங்கால் வலி உண்மை. ஆனால் அத்தனை பேர் முன்னால் நனைந்த துணியோடு எழுந்து நிற்பதற்குக் கூச்சம் என்பதும் உண்மை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

நானும் இறங்கி அவருக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்தேன். காதைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. கடுகு என்று நான் சொல்லவில்லை, "ஏதோ தாளிக்கிற மாதிரி இருக்கு" என்று அவரே சொன்னார். மூன்றாம் தளம், இது உங்களுக்கு.

பன்னிரண்டரைக்கு ஓர் இடி. காவலுக்கு நின்றவர் விசில் ஊத, எல்லோரும் உள்ளே போனோம். மகன் மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணி மூன்றால் வகுத்து, "ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் அறிக்கை வாசித்தான். இறங்கலாமே என்று இரண்டு பேர் கெஞ்சினார்கள், ஒருவன் மகன், இன்னொருவர் அத்தை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி எண்ணித்தான் விட்டேன். ஜிப்லாக் டவலுக்கு, ஈரத் துண்டு, நான்கு நன்றி. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பமே காகித நாப்கினால் துடைத்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது என் போனில் 2:20, கணவர் கை வாட்சில் 3:20. நாலரைக்கு எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். டாக்சியில் கூட்டம், ஏறும்போது நாலு மணி ஐந்து நிமிடம். போனை நம்பியிருந்தால் இன்னும் படியில் உட்கார்ந்திருப்போம்.

அத்தை ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். மழை அதிகம் பெய்கிற மாதம் எது? அடுத்த தடவை அப்போது போகலாமாம்.

பதில்: மூன்றாம் தளம்

செப்டம்பர், அக்டோபர். பொதுவாக டிக்கெட்டும் அப்போதுதான் மலிவு, இரண்டுக்கும் காரணம் ஒன்றே, புயல் பருவம். 2005 அக்டோபரில் வில்மா புயல் அந்தத் தீவின் மேல் வந்து நகர மறுத்து நின்றது. கொஞ்சம் வடக்கே இஸ்லா முஹேரஸில் 24 மணி நேரத்தில் 1,600 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோசுமெலில் ஒரு கப்பல் மேடையே உடைந்துபோய், திரும்பக் கட்டித் திறக்க 2008 ஆனது. அத்தையிடம் இதையும் சொல்லிவிட்டு டிக்கெட் போடுங்கள். படியில் எனக்கும் ஓர் இடம் வைக்கச் சொல்லுங்கள்.