எங்களுக்கு முன் பாடும் குழுவுக்குக் கூவாத மேடை மானிட்டர் எங்களுக்கு மட்டும் கூவுகிறது

நாங்கள் நான்கு பேர் கொண்ட இண்டி இசைக்குழு. கடந்த மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒரே தொல்லை. எங்களுக்கு முன் பாடும் குழு அரை மணி நேரம் சிக்கலின்றிப் பாடிவிட்டுப் போகிறது. 15 நிமிட இடைவெளிக்குப் பிறகு நாங்கள் ஏறினால், இரண்டாவது பாட்டிலேயே பாடகர் முன் இருக்கும் மானிட்டரில் (அவர் குரலை அவருக்கே கேட்கச் செய்யும் மேடை ஸ்பீக்கர்) 'கீ'யென்று ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் ஒலியை மைக் மறுபடி வாங்குவதால் வரும் கூவல். மாலை சவுண்ட் செக்கில், காலி அரங்கில், ஒரு தடவைகூட வந்ததில்லை.

அவர்கள் மைக் ஷ்யூர் எஸ்எம்58, கார்டியாய்டு (முன்பக்க ஒலியை வாங்கும், நேர் பின்னால் மிகக் குறைவாக வாங்கும்). எங்களுடையது பீட்டா 58ஏ, சூப்பர்கார்டியாய்டு (முன்பக்கம் இன்னும் குறுகல், ஆனால் நேர் பின்னாலும் கொஞ்சம் வாங்கும்). மானிட்டர் இருவருக்கும் ஒன்றே, மைக்கின் நேர் பின்னால்.

ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) 2.5 கிலோஹெர்ட்ஸைக் குறைத்தேன். கூவல் 4 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவியது. மைக்கின் கெயினை (ஒலிப் பெருக்க அளவை) குறைத்தால் பாடகருக்குத் தன் குரலே கேட்பதில்லை. டிரம்மரோ மெதுவாக அடிக்கிற ஆள் இல்லை! மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதே என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று. சூடு ஏறினால் மறந்துவிடுகிறார். மானிட்டருக்குப் பதில் காதில் மாட்டும் இன்-இயர் வாங்கப் பணமில்லை.

அடுத்த நிகழ்ச்சி சனிக்கிழமை. அந்த 15 நிமிடத்துக்குள் ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால், மானிட்டரைப் பக்கவாட்டுக்கு நகர்த்துவதா, எஸ்எம்58-க்கு மாறுவதா?