‘தி பார்ட்டி’ திரையிடலாமா? யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு பழைய படம் போடுகிறோம். அடுத்ததாகப் பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய ‘தி பார்ட்டி’ (1968) வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஆங்கிலேய நடிகர் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, ஹ்ருண்டி பக்‌ஷி என்ற இந்திய நடிகராக வருவாரே, அதேதான்.

முன்கூட்டியே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சேறான ஷூவை விருந்து வீட்டுத் தண்ணீரில் கழுவப் போய், அது நழுவி மிதந்து, கடைசியில் பலகாரத் தட்டில் வந்து சேரும் இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன். வசனமே தேவையில்லை, அவ்வளவு நேர்த்தி. ஆனால் அவர் வாயைத் திறந்து அந்த இழுவை ஆங்கிலத்தில் பேசினாலே சங்கடமாகிவிடுகிறது. இத்தனைக்கும் அங்கே இருப்பவர்களில் நல்ல மனுஷன் பக்‌ஷிதான். அற்பமாகத் தெரிவதெல்லாம் ஹாலிவுட் கூட்டம். அதனால் அந்தச் சாயம் சரியாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பார்க்க வருபவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. இந்தப் படத்தைப் பொதுவில் திரையிட்ட அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? முன்னுரை சொல்லிவிட்டுப் போடுவதா, முடிந்தபின் பேசுவதா? முதலிலேயே சொன்னால் சிரிப்பு செத்துவிடுமோ என்று பயம். அப்புறம், இதைப் பற்றித் தமிழில் நல்ல கட்டுரை ஏதாவது தெரிந்தால் பின்னூட்டத்தில் போடுங்கள். ‘வேறு படம் போடு’ என்றாலும் சரி, எந்தப் படம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.