ஃப்ரீ கமாண்ட் கையேடு: 6ஆம் பக்கத்தில் ‘யூஸ்டு’ கணக்கை மாற்றியது யார்?

தேவிபட்டினம் துரை
நேற்று ராத்திரி கையேட்டின் 6ஆம் பக்கத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் கடற்கரைப் பக்கத்துப் பள்ளி லேப்களுக்காக, லினக்ஸில் மெமரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஃப்ரீ கமாண்டைப் பற்றி நாம் தமிழில் எழுதி வருகிற கையேடு இது. ‘யூஸ்டு’ (பயன்பாட்டில் இருப்பது) என்ற கட்டத்துக்கு, மொத்தத்தில் அவைலபிளை, அதாவது புது நிரல்களுக்குக் கிடைக்கக்கூடியதைக் கழித்தால் வருவது என்று நான் எழுதியிருந்தேன். இப்போது பார்த்தால், மொத்தத்தில் ஃப்ரீ (வெறுமையாகக் கிடப்பது), பஃபர், கேச் (வட்டில் இருந்து படித்ததை மெமரியில் வைத்திருப்பது) மூன்றையும் கழிக்க வேண்டுமாம். பக்கத்திலேயே ‘முந்தைய விளக்கம் தவறு’ என்று ஒரு குறிப்பு வேறு. எது தவறு? டெபியன் 12 என்ற லினக்ஸில் மேன் பக்கத்தை, அதாவது கமாண்டோடு வரும் விளக்கப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மொத்தம் கழித்தல் அவைலபிள் என்று கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 11ஆம் பக்கத்துப் பயிற்சியும் அந்தக் கணக்கில்தான் போட்டது. 6-ல் ஒன்று, 11-ல் ஒன்று இருந்தால் பிள்ளைகள் எதைப் படிக்கும்? மாற்றியவர் பெயரோடு வரட்டும்.

கீழக்கரை காக்கா
நான்தான். ஒளிந்து செய்யவில்லை, மாற்றத்தில் என் பெயர் இருக்கிறது. லேப்களில் ஓடுவது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். அதில் இருக்கிற ப்ராக்ப்ஸ் (ஃப்ரீ கமாண்ட் அடங்கிய மென்பொருள் தொகுப்பு) 3.3.17. அதன் மேன் பக்கத்தில் நான் எழுதியதுதான் இருக்கிறது. டெபியன் 12 உங்கள் வீட்டு லேப்டாப்பில் ஓடலாம், பள்ளியில் ஓடவில்லை. சரி, 4ஆம் பக்கத்தில் நீங்களே போட்ட ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொள்வோம். மெகாபைட்டில் மொத்தம் 3792, ஃப்ரீ 412, ஷேர்டு 640, பஃபர்-கேச் 2010, அவைலபிள் 1680. யூஸ்டு என்ன காட்டுகிறது? 1370. 3792-ல் 412-உம் 2010-உம் போனால் 1370. உங்கள் கணக்குப்படி 2112 வர வேண்டும். படத்தில் 2112 எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

தேவிபட்டினம் துரை
படம் பழையது. பழைய படத்துக்காக சரியான கணக்கை மாற்றுவீர்களா? 1370-க்கும் 2112-க்கும் இடையில் 742 இருக்கிறதே, அது என்ன என்று யோசித்தீர்களா? அதில் 640 அந்த ஷேர்டு கட்டத்தில் இருப்பது. டெம்ப்எஃப்எஸ்ஸில் (மெமரியிலேயே கோப்பு வைக்கும் இடம்) கிடக்கும் கோப்புகளும் நிரல்கள் தங்களுக்குள் பங்கு போடும் மெமரியும் கேச் கணக்குக்குள்தான் விழுகின்றன. ஆனால் லினக்ஸின் மையமான கர்னல் நினைத்தவுடன் அவற்றைத் தூக்கிப் போட முடியாது, வட்டில் ஒதுக்கிய ஸ்வாப்புக்குத்தான் தள்ள முடியும். உங்கள் 1370 அதை மறைக்கிறது. பிள்ளை ‘இன்னும் நிறைய இடம் இருக்கிறது’ என்று நம்பி இன்னொரு பிரவுசரைத் திறக்கும், மெஷின் உறையும். ப்ராக்ப்ஸ் எழுதுகிறவர்களே 4 வரிசையில் கணக்கை மாற்றியது காரணமில்லாமலா? மொத்தம் கழித்தல் அவைலபிள். அவ்வளவுதான்.

தங்கச்சிமடம் சேவியர்
அண்ணே, ரெண்டு பேரும் கோபப்படாதீர்கள். நான் எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லுவேன். படகில் மீன் போடுகிற அறையில் கிளம்பும்போது ஐஸ் இருக்கும். அறை நிறைந்திருக்கிறது என்று யாரும் கரைக்குத் திரும்புவதில்லை. கேச்சும் அதுபோல, இடத்தை அடைத்திருக்கும், கேட்டால் விலகிவிடும்.

தேவிபட்டினம் துரை
ஐஸை எடுத்துக் கடலில் கொட்டிவிட்டு மீனை எங்கே வைப்பாய் தம்பி? சாயங்காலத்துக்குள் நாறிவிடும். ஐஸ் வேலை செய்கிற பொருள், அதை அப்புறப்படுத்த முடியாது. நீ சொன்னது ஷேர்டு மெமரிக்குத்தான் பொருந்தும், அதுவும் என் பக்கம்தான் நிற்கிறது. கையேட்டில் இதைச் சேர்த்துவிடாதே.

தங்கச்சிமடம் சேவியர்
படகைப் பற்றி தேவிபட்டினத்துக்காரர் எனக்குச் சொல்லித் தருகிறார். எங்க அப்பா விசைப்படகில் போனவர். மீன் ஏற ஏற ஐஸை உடைத்து மீனுக்கு நடுவில் பரப்புவோம், அப்போது இடம் தன்னால் வரும். உங்களுக்கு உங்க ஊர் நவபாஷாணக் கோயிலும் படித்துறையும் தெரியும், ஆழ்கடல் தெரியாது.

ஏர்வாடி டீச்சர்
ஒரு நிமிடம் கேளுங்கள். இந்தக் கையேட்டின் முதல் அச்சில் மூன்றாவதாக ஒரு கணக்கு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மொத்தத்தில் ஃப்ரீயை மட்டும் கழிப்பது. 2014-ல் 3.3.10 வருவதற்கு முன்னால் அப்படித்தான் காட்டும், கீழே பஃபர், கேச்சைக் கழித்த இன்னொரு வரி வரும். அந்தக் கணக்கை இந்தப் படத்துக்குப் போட்டால் 3380 வரும். அதை நம்பி ஒரு பள்ளியில் ‘3792-ல் 3380 போய்விட்டது, ரேம் போதவில்லை’ என்று புது ரேம் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டார்கள். நான் போய் அவைலபிள் கட்டத்தைக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார்கள். ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இது எந்தப் பதிப்புக்கு என்று போடுங்கள். 3.3 வரிசைக்கு ஒரு வரி, 4 வரிசைக்கு ஒரு வரி. இருவர் எழுதியதும் அதனதன் பதிப்பில் சரிதான்.

கீழக்கரை காக்கா
டீச்சர் சொல்வது நல்ல யோசனை. ஆனால் ‘இருவரும் சரி’ என்பதை நான் ஏற்கவில்லை. கையேடு பள்ளிக்கு. பள்ளியில் 22.04. அதற்கு 2027 வரை ஆதரவு இருக்கிறது. பிள்ளை கமாண்டை அடித்தால் திரையில் 1370 வரும், 2112 வராது. திரையில் வராத எண்ணுக்கு எதற்கு விளக்கம்?

தேவிபட்டினம் துரை
24.04-ல் ப்ராக்ப்ஸ் 4.0.4. மாறினவுடன் திரும்ப எல்லாப் பக்கத்தையும் எழுதுவீர்களா? யார் எழுதுவது? நான்தான். போன முறை ஸ்வாப் அத்தியாயத்தை ஒருவர் பாதியில் விட்டுவிட்டு துபாய் கிளம்பினார், நான்தான் முடித்தேன். ஒரே கணக்கு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. மொத்தம் கழித்தல் அவைலபிள்.

கீழக்கரை காக்கா
துபாய் போனது பிழைப்புக்கு. அங்கிருந்தும் படங்கள் அனுப்பினேன். அட்டையில் என் பெயரைப் போடாமல் விட்டது யார் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. இப்போது நீங்களே இழுக்கிறீர்கள்.

மண்டபம் மணி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். யூஸ்டு கிடக்கட்டும், 3ஆம் பக்கம் இன்னும் மோசம். கர்னல் மெமரி கணக்கைக் காட்டும் ப்ராக் மெம்இன்ஃபோ கோப்பில் எண்ணுக்குப் பின்னால் கேபி என்று வருகிறதே, அதை 1000 பைட் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1024. ஃப்ரீ கமாண்டும் எதுவும் சொல்லாவிட்டால் 1024-ல்தான் காட்டும். 1000 வேண்டுமென்றால் கிலோ என்று தனியாகக் கேட்க வேண்டும். கிலோபைட்டில் 2.4 சதவீதம்தான் வித்தியாசம், ஜிகாபைட்டுக்குப் போனால் 7.4 ஆகிவிடும். 8 ஜிபி ரேம் போட்ட மெஷினில் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

தேவிபட்டினம் துரை
கேபி என்றால் 1000 என்பது சர்வதேச அளவு. 1024-க்கு கிபிபைட் என்று தனியாக 1998-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். கர்னல்காரர்கள் எழுத்தை மாற்றாமல் விட்டதற்கு நான் பொறுப்பா?

மண்டபம் மணி
அவர்கள் மாற்றினால் அந்த வரியைப் படிக்கிற எத்தனையோ நிரல் உடையும், அதனால்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். நம் கையேடு உடையாது. அளவு சர்வதேசமாக இருக்கட்டும், அந்தக் கோப்பில் இருக்கும் எண் 1024-ல்தான் இருக்கிறது. ரெண்டு எழுத்து மாற்றினால் போதும் அண்ணே.

தேவிபட்டினம் துரை
மணி, நீ இன்றுதான் வந்திருக்கிறாய். இந்தத் திரி 6ஆம் பக்கத்துக்கு. அதை முதலில் பேசுவோம்.

திரும்பவும் சொல்கிறேன், எல்லாருக்கும் சேர்த்து. அவைலபிள் என்ற எண் சும்மா வந்ததில்லை. 2014-ல் கர்னல் 3.14 அதை மெம்இன்ஃபோவில் சேர்த்தது. அதுவரை ஆளாளுக்கு ஃப்ரீயோடு கேச்சைக் கூட்டி ‘இவ்வளவு மிச்சம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், கணக்குத் தப்பிப்போனது. எதை எடுக்கலாம், எதை எடுக்க முடியாது, தனக்கென்று எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கர்னலுக்குத்தான் தெரியும். அதுவே போட்டுக் கொடுக்கும் மதிப்பீடு அது. அதை ஒதுக்கிவிட்டு மறுபடி நாமே கேச்சைக் கழிப்பது பத்து வருடம் பின்னால் போவது. நான் எழுதியதற்கு மேல் ‘தவறு’ என்று எழுதியிருக்கிறதே, அதை எடுக்காமல் வேறு பேச்சு கிடையாது.

கீழக்கரை காக்கா
அவைலபிள் நல்ல எண் என்பதை நான் எங்கே மறுத்தேன்? அந்தக் கட்டத்துக்கு நீங்கள் எழுதிய பத்தியில் நான் ஒரு எழுத்தைத் தொடவில்லை. யூஸ்டு கட்டத்தில் 22.04 என்ன காட்டுகிறதோ அதை எழுதினேன். 1370.

தேவிபட்டினம் துரை
2112.

ஏர்வாடி டீச்சர்
பதிப்பு எண்ணைத் தலையில் போடச் சொன்னேனே, யாராவது படித்தீர்களா? செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்தில் அச்சுக்குக் கொடுக்கிறார்கள்.

தங்கச்சிமடம் சேவியர்
டீச்சர், எழுதியதெல்லாம் தான்தான் என்கிறார் துரை அண்ணன், அட்டைப் படம் நான் வரைந்தது. அதைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

தேவிபட்டினம் துரை
அட்டைப் படத்தில் பாம்பன் பாலத்துக்குக் கீழே கப்பலைத் தவறான பக்கம் வரைந்திருக்கிறாய், அதை அப்புறம் பேசலாம். 6ஆம் பக்கத்தை இப்போதே பழையபடி மாற்றுகிறேன். மொத்தம் கழித்தல் அவைலபிள். யாரும் தொட வேண்டாம்.

கீழக்கரை காக்கா
மாற்றுங்கள். 4ஆம் பக்கத்துப் படத்தையும் சேர்த்து மாற்றுங்கள், பார்க்கலாம். பள்ளி மெஷின் ஒன்றில் எடுத்த படமாக இருக்க வேண்டும்.