கீப்1 மரபணு மாற்றம் இருக்கிறவருக்கு பிராக்கோலி மாத்திரை தரலாமா?

கேத்தி_தோட்டம்:
சித்தப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மரபணுப் பரிசோதனை அறிக்கையில் கீப்1-இல் மாற்றம் என்று வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் சல்ஃபோராஃபேன் மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார், பிராக்கோலியில் இருக்கிற சத்தாம், என்ஆர்எஃப்2 என்கிற பாதுகாப்பு வழியைத் தூண்டுமாம். நாங்களே கேரட்டும் பிராக்கோலியும் போடுகிறவர்கள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை. எனக்கு மட்டும் உறுத்துகிறது: அந்தப் பாதுகாப்பு புற்றுச் செல்லுக்கும் சேர்த்துத்தானே கிடைக்கும்?

குன்னூர்_உயிர்வேதி:
சரியான சந்தேகம். நல்ல செல்லில் என்ஆர்எஃப்2 என்ற புரதம் உருவாக உருவாக, கீப்1 மரபணு தரும் புரதம் அதைப் பிடித்துச் சிதைக்க அனுப்பிவிடும், 20 நிமிடம் போல ஆனாலே பாதி காலி. நச்சுப்பொருள் ஏதாவது வந்தால்தான் பிடி தளர்ந்து, என்ஆர்எஃப்2 செல்லின் கருவுக்குள் போய்ப் பாதுகாப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். சல்ஃபோராஃபேன் தளர்த்துவதும் இதே பிடியைத்தான். சித்தப்பாவின் கட்டியில் கீப்1 செயலிழந்திருந்தால் பிடிக்க ஆளே இல்லை, என்ஆர்எஃப்2 ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாதுகாப்பு கட்டிக்கு ஏற்கெனவே கிடைக்கிறது, மாத்திரை தளர்த்த அங்கே பிடியும் இல்லை. அதனால் மாத்திரை வேண்டாம்.

இன்னொன்று, என்ஆர்எஃப்2 வெறும் காவல் வேலையோடு நிற்பதில்லை, செல்லின் வளர்சிதை மாற்றத்தையே திருப்பிவிடுகிறது. ஜி6பிடி போன்ற நொதிகளைக் கூட்டி, வருகிற குளுக்கோஸில் ஒரு பங்கை பென்டோஸ் பாஸ்பேட் வழிக்கு (சர்க்கரையைக் கட்டுமானப் பொருளாக மாற்றும் கிளைப்பாதை) அனுப்புகிறது என்று 2012-இல் ஜப்பானில் காட்டினார்கள். அங்கே கிடைக்கும் ரைபோஸ் என்ற சர்க்கரை டிஎன்ஏ கட்டப் போகும், என்ஏடிபிஹெச் என்ற துணைப்பொருள் செல்லின் நச்சுமுறிப்பானான குளூட்டத்தையோனைப் புதுப்பிக்கப் போகும். ஆக ஒரே சர்க்கரையில் கட்டி பெருகவும் செய்கிறது, கீமோவையும் கதிர்வீச்சையும் தாங்கவும் செய்கிறது.

கோத்தகிரி_செல்வி:
ஆனால் இதே என்ஆர்எஃப்2 வழி புற்றுச் செல்லுக்கு ஒரு பலவீனத்தையும் உண்டாக்குகிறது, எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். குளூட்டத்தையோன் செய்ய சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் வேண்டும், என்ஆர்எஃப்2 அதற்கான வாசலைப் பெரிதாகத் திறந்து வைக்கிறது. அது பண்டமாற்று வாசல், ஒரு சிஸ்டைன் உள்ளே வர, குளூட்டமேட் என்ற இன்னொரு அமினோ அமிலம் ஒன்று வெளியே போக வேண்டும். குளூட்டமேட் கரையக் கரைய, ஈடுகட்ட செல் குளூட்டமினுக்கு அலைகிறது. குளூட்டமினைக் குளூட்டமேட்டாக மாற்றும் நொதியைத் தடுத்தால் இப்படிப்பட்ட கட்டிகள் எலிகளில் சுருங்கின. இந்த நொதியைத் தடுக்கும் டெலாக்ளெனஸ்டாட் என்ற மருந்தை மனிதர்களிடமும் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஆராய்ச்சி நிற்கவில்லை.

கேத்தி_தோட்டம்:
நன்றி அக்கா. அப்போ கேரட், பிராக்கோலி சாப்பிடவே கூடாதா? தினமும் கேரட் ஜூஸ் கொடுக்கிறோம்.

குன்னூர்_உயிர்வேதி:
பொரியலிலும் சூப்பிலும் போடுவதற்குப் பயப்பட வேண்டாம், அவர் நன்றாகச் சாப்பிடுவதுதான் இப்போது முக்கியம். என் கவலையெல்லாம் செறிவாக்கிய மாத்திரைகள் மேல்தான். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய சோதனையில், கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை தினம் 20 மில்லிகிராம் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது, 1994-இல் வெளியான முடிவு இது. 2014-இல் சுவீடனில் வைட்டமின் ஈ கொடுத்த எலிகளுக்கு நுரையீரல் கட்டிகள் வேகமாக வளர்ந்தன. வீட்டில் ஏற்கெனவே இந்த மாதிரி மாத்திரை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம் அந்த அறிக்கையில் கேஆர்ஏஎஸ், எஸ்டிகே11 என்ற மரபணுக்கள் இரண்டும் மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள், இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எப்படித் தருவது என்று முடிவு செய்வதில் அதற்கும் பங்கு உண்டு.