தமிழில் எழுத, கவனம் சிதறாத மென்பொருள்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேர்டைத் திறந்தால் பொத்தான்களும் அறிவிப்புகளும் கண்ணைப் பறிக்கின்றன. எழுத உட்கார்ந்தவன் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆகவே ஃபோகஸ்ரைட்டருக்கு மாறினேன். இலவசம், திறமூல மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குகிறது. திரை முழுவதும் வெற்றுத்தாள்தான். சுட்டியை விளிம்புக்குக் கொண்டுபோனால் மட்டுமே மெனு எட்டிப்பார்க்கும். எழுதும் பத்தியைத் தவிர மற்றவற்றை மங்கலாக்கும் வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முந்தைய பத்தியைத் திருத்தத் துடிக்கும் கை அதில்தான் அடங்குகிறது.

சிக்கல் தமிழில் வருகிறது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறேன். முழுத்திரையில் பணிப்பட்டை மறைந்துவிடுவதால், இப்போது இருப்பது தமிழா ஆங்கிலமா என்று தெரிவதில்லை. வேகமாக அடித்தபின் நிமிர்ந்து பார்த்தால் ஒரு வரி முழுக்க ஆங்கில எழுத்துகள்! அந்த நொடியில் கதாபாத்திரம் பேசிக்கொண்டிருந்த குரல் காதிலிருந்து போய்விடுகிறது. முழுத்திரையிலும் மொழியைக் காட்டும் சிறு கருவி ஏதேனும் உண்டா?

இன்னொன்று, எழுத்துப்பிழைகளைச் சிவப்புக்கோடிட்டுக் காட்ட உதவும் ஹன்ஸ்பெல் வகைத் தமிழ் அகராதியை ஃபோகஸ்ரைட்டரில் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டே போகும். ‘வீட்டிலிருந்தபோதெல்லாம்’ போன்ற சொல்லுக்கும் சிவப்புக்கோடு விழுமானால் எனக்கு அது வேண்டாம். பிழைதிருத்தத்தைக் கடைசியில் தனியாக வைத்துக்கொள்வதுதான் நல்லது என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

என்னுடையது பழைய மடிக்கணினி, விண்டோஸ் 10. மாதச் சந்தா கேட்கும் செயலிகள் வேண்டாம். நீங்களே தமிழில் பயன்படுத்திப் பார்த்ததை மட்டும் பரிந்துரைத்தால் பேருதவியாக இருக்கும்.