பாட்டும் மிருதங்கமும் பதிய எந்த ரெக்கார்டர்?

கேள்வி: சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் ஒரு பாட்டு, ஒரு மிருதங்கம், மின் சுருதிப் பெட்டி. கைப்பேசியில் பதிந்தால் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தலை) அடி விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கி, பிறகு மெல்ல மேலே வருகிறது. பலமான அடிகள் கிழிந்தும் (ஒலி சிதைந்து) கேட்கின்றன. பட்ஜெட் 350 வெள்ளி. ஸூம் எச்1 எசென்ஷியல், எச்4 எசென்ஷியல், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், எது சரி? 32 பிட் ஃப்ளோட் (மிகச் சிறிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒரே கோப்பில் பிடிக்கும் பதிவு முறை) இருந்தால் கிழியவே கிழியாதாமே?

பதில் 1: அமுங்கி எழுவது கைப்பேசி தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைப்பதால். ரெக்கார்டரில் அந்தத் தொல்லை இருக்காது. டாஸ்காமில் மட்டும் 'ஆட்டோ லெவல்' அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது 24 பிட், அளவை நீங்களே வைக்க வேண்டும். மிகப் பலமான அடி ரெக்கார்டரின் மீட்டரில் -12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள் (அதில் 0 தான் உச்ச எல்லை). ஸூம் இரண்டும் 32 பிட் ஃப்ளோட், அளவு வைக்கும் வேலையே இல்லை. ஆனால் மைக்கே தாங்காவிட்டால் ஃப்ளோட் காப்பாற்றாது. எச்1 எசென்ஷியல் மைக் தாங்கும் ஒலி அழுத்தத்தின் எல்லை 120 டெசிபல், எச்4-க்கு 130. வலந்தலைக்கு (வலப்பக்கத் தலை) ஒரு சாண் தூரத்தில் வைத்தால் கிழியக்கூடும்.

கேள்வி கேட்டவர்: அப்படியென்றால் எங்கே வைப்பது?

பதில் 2: இதுதான் முக்கியம், மாடல் அப்புறம். கச்சேரியில் வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். வீட்டில் அப்படி உட்கார்ந்தால் வலந்தலை நேராக மைக்கில் அடிக்கும், தொப்பி சுவரோடு போய்விடும். மிருதங்கக்காரர் ரெக்கார்டருக்கு முகம் காட்டி உட்காரட்டும். இரு தலையும் பக்கவாட்டில் சமமாக வரும். பாடுபவர் 1 மீட்டரில், மிருதங்கம் 2 மீட்டரில். தூரம் இரட்டித்தால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், பாட்டையும் மிருதங்கத்தையும் சமன்செய்ய அதுவே உங்கள் மிக்சர். ஸ்டாண்டில், பாடுபவரின் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். தரையில் மட்டும் வைக்காதீர்கள். டைல்ஸ் தரையானால் பாயோ கம்பளமோ கட்டாயம். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் அணையுங்கள். (புழுக்கம்தான், ஒரு பாட்டு வரை தாங்கலாம்.) லோ கட் (தாழ்ந்த இரைச்சலை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ் போதும், 160-க்குப் போனால் தொப்பியின் கும்கி (தாழ்ந்த, இழுபடும் நாதம்) மெலிந்துவிடும்.

பதில் 1: ஒப்புக்கொள்கிறேன். இந்த அமைப்புக்கு எச்1 எசென்ஷியலே போதும். பின்னால் பாட்டுக்குத் தனி மைக் செருகும் எண்ணம் இருந்தால் மட்டும் எச்4. அதில் மைக் செருக இரண்டு எக்ஸ்எல்ஆர் துளைகளும் 48 வோல்ட் ஃபேன்டமும் (மைக்குக்குக் கம்பிவழி தரும் மின்சாரம்) உண்டு, தனித்தனி டிராக்காகப் பதியும். ஃபேன்டம் பேட்டரியை வேகமாக உறிஞ்சும், கைவசம் இன்னொரு செட் வைத்திருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட், ஸ்டீரியோவில் பதிந்தால் கோப்பு மணிக்கு சுமார் 1.4 ஜிபி.

கேள்வி கேட்டவர்: வாட்ஸ்அப்பில் அனுப்ப?

பதில் 2: அங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஃப்ளோட் கோப்பில் அலை 0 டெசிபலைத் தாண்டி நிற்கலாம், தகவல் பத்திரமாக இருக்கும். அப்படியே எம்பி3 அல்லது 16 பிட்டாக மாற்றினால் தாண்டிய பகுதி அங்கே வெட்டுப்பட்டு, பழைய கிழிசல் திரும்பிவிடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, உச்சத்தை -1 டெசிபலுக்கு நார்மலைஸ் செய்த (மொத்த ஒலியளவையும் சேர்த்துச் சரிசெய்த) பிறகே ஏற்றுமதி. மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.